அப்பாவுக்கு, நியூ ஹேவனிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சித்தி கொடுத்தனுப்பிய கருப்பட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. குளிர் இன்னும் விடவில்லை. மார்ச் பிறந்தும் கையுறை இல்லாமல் பஸ்ஸுக்கு நிற்க முடியாது. மற்றபடி வேலை, வாடகை, சமையல் என்று நாள் ஓடுகிறது.

போன வாரம் நீங்கள் கேட்டது மனதிலேயே நிற்கிறது. பாடகர் குழுவில் ஆள் குறைந்துவிட்டது, ஆண்களின் அடிக்குரலான பேஸ் பாட இரண்டே பேர்தான், இந்த ஈஸ்டரோடு நிறுத்திவிடலாமா என்றீர்கள். போனில் எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே யேல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஒரு மியூசியம் இருக்கிறது, முழுக்க பிரிட்டிஷ் ஓவியங்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடத்தை வடிவமைத்த லூயி கான்தான் இதையும் வடிவமைத்தார். கூரை வழியாகப் பகல் வெளிச்சம் இறங்கும். டிக்கெட் கிடையாது. யேல் என்ற பெயருக்கே நம் பக்கத்தோடு தொடர்பு உண்டு என்று சொன்னேனே? எலிஹு யேல் மதராஸ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில் 1680-இல் கல்யாணம் செய்துகொண்டவர். நம் கடற்கரையில் சேர்த்த செல்வத்தில் ஒரு பங்குதான் இந்தக் கல்லூரிக்குப் போனது. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

அங்கே எட்வர்ட் எட்வர்ட்ஸ் என்பவர் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் 1784-இல் நடந்த, இசையமைப்பாளர் ஹாண்டெலின் நினைவு இசை விழாவை வரைந்திருக்கிறார். விழா முடிந்து சில வருடம் கழித்து வரைந்தது. லண்டன் ஓவியக் கழகமான ராயல் அகாடமியில் தூரக்காட்சி வரையக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அவர், அதனால் தூண்களும் வளைவுகளும் கணக்கு தப்பாமல் நிற்கின்றன. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கூட்டம்தான், அப்பா. அத்தனை உயரமான கோயிலுக்குள் மனிதர்கள் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறார்கள்.

வீட்டுக்கு வந்து அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். உங்களுக்குப் பிடிக்கும், கேளுங்கள். பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் சேர்ந்து 500 பேருக்கு மேல். மேற்குக் கோடியில் படிப்படியாக மேடை கட்டி உட்காரவைத்தார்கள், எதிர்க் கோடியில் ராஜா மூன்றாம் ஜார்ஜுக்கு இடம். கான்டர்பரி பேராலயத்துக்காகச் செய்த புது ஆர்கனை முதலில் இங்கே கொண்டுவந்து மேடை உச்சியில் நிறுத்தினார்கள். வாசித்த ஜோவா பேட்ஸ் அதன் பக்கத்தில்கூட இல்லை. விரலால் அழுத்தி வாசிக்கும் கட்டைகளை 19 அடி முன்னால் நீட்டி இணைத்துப் பாடகர்களுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்தார். கைகாட்டித் தாளம் போடவும் யாரும் கிடையாது. ஒவ்வொரு நாள் நிகழ்ச்சிக்கும் ஒரே ஒரு பொது ஒத்திகைதான்! டிக்கெட் ஒரு கினி, அந்தக் காலத்து ஆங்கிலத் தங்கக் காசு. பெண்கள் தொப்பி போட்டு வரக் கூடாது, தலையில் இறகு வேண்டாம், பாவாடை வளையம் சின்னதாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். பின்னால் இருப்பவருக்கு மறைக்குமல்லவா!

மே 29 அன்று அங்கே பாடியது ஹாண்டெலின் 'மேசியா'. நீங்கள் எங்களுக்கு டோ, ரே, மீ என்று எழுதும் சோல்ஃபாவில் நோட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்த அதே அல்லேலூயா கோரஸ்.

பாடியவர்கள் யார்? ஒரு சிலர்தான் பேர்பெற்றவர்கள். மற்றவர்கள் பேராலயப் பாடகர் குழுக்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் இருந்து வந்தவர்கள். உச்சக்குரலான சொப்ரானோவில் பெரும்பாலும் சிறுவர்கள். இசை வரலாறு எழுதிய சார்லஸ் பர்னி மறு வருடமே இந்த விழாவைப் பற்றிப் புத்தகம் போட்டார். அதில் அத்தனை பேரின் பெயரையும் குரல்வாரியாக அச்சிட்டிருக்கிறார். பேஸ் வரிசையை மட்டும் மெதுவாகப் படித்துப் பார்த்தேன். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் பாடிய அந்த வரி எனக்குத் தெரியும், உங்கள் குரலில் தெரியும்.

பணம் போன இடத்தையும் சொல்ல வேண்டும். வசூலில் பெரும்பகுதி நொடித்துப்போன இசைக்கலைஞர்களின் உதவி நிதிக்கும், ஒரு பங்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆஸ்பத்திரிக்கும் போனது. அந்த நிதியைத் தொடங்கியவர்களில் ஹாண்டெலும் ஒருவர். உயிலில் அதற்கு 1,000 பவுண்டு எழுதிவைத்தார். ஜெர்மனியில் பிறந்து லண்டனுக்குப் பிழைக்க வந்தவர், அதே அபேயில்தான் அடக்கம்.

இங்கே நாங்கள் போகிற சர்ச்சில் கொயருக்கு எட்டுப் பேர்தான். பாதிப்பேர் தலை நரைத்தவர்கள். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு பார்ட்டும் நிற்கிறது. என்னை ஆல்ட்டோவில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாளே நோட்டு பார்த்துப் பாடியதும் எங்கே கற்றாய் என்று கேட்டார்கள். எங்கள் ஊர்க் கோயிலில், எங்கள் அப்பாவிடம் என்றேன்.

அதனால் நிறுத்த வேண்டாம், அப்பா. 500 பேரும் வேண்டாம், இரண்டு பேஸ் போதும். தம்பியைக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டுப் பையன்களுக்குக் குரல் உடைகிற வயசு, இப்போதே டெனருக்குப் பழக்கலாம். பழைய சோல்ஃபா நோட்டுகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும், கரையான் ஏறுவதற்குள் அவற்றை எடுத்து வெயிலில் வைக்க அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஈஸ்டர் ஆராதனையில் பாடும்போது போனில் பதிவு செய்து அனுப்பத் தம்பியிடம் சொல்லுங்கள். போன தடவை போல சொப்ரானோ பக்கம் வேண்டாம், போனை உங்களுக்குப் பக்கத்தில் வைக்கட்டும்.

அன்பு மகள்