கேங்வே பலகையில் எழுதியிருந்த நேரம்

மரியே வாழ்க

தூத்துக்குடி
செப்டம்பர் 14

அன்பு மகளுக்கு,

உங்கள் உல்லாசக் கப்பல் மால்டாவில் நிற்கிற நாளுக்கு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பஸ் டூர் விவரத்தை உங்கம்மா பெரிதாக்கிக் காட்டினாள். காலை எட்டரைக்கு பஸ், எம்டினா, போகிற வழியில் ஒரு கடை, மத்தியானச் சாப்பாடு, தலைநகர் வலேட்டாவில் ஒன்றேகால் மணி நேரம், மூன்றரைக்குத் திரும்பக் கப்பல். "எடுக்கலாமாப்பா?" என்று கேட்டிருந்தாய். எடுக்காதே. போனிலேயே இதைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் மால்டா என்று வந்தால் எனக்கு உன்னிடம் சொல்ல வேறொன்றும் இருக்கிறது. அது போனில் வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கப்பல் காலை எட்டுக்குக் கட்டுகிறது. மாலை ஐந்துக்குக் கிளம்புகிறது, நாலரைக்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும். வரிசையில் நிற்பதைக் கழித்தால் கையில் ஏழு மணி நேரம் நிற்கும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் அது கொஞ்சமாகத் தெரியலாம். முப்பத்திரண்டு வருஷம் என்ஜின் ரூமில் கிடந்தவனுக்கு ஏழு மணி நேரம் கரை என்பது எவ்வளவு பெரியது தெரியுமா?

நாங்கள் இறங்கும்போது, கப்பலையும் கரையையும் இணைக்கிற கேங்வே ஓரம் ஒரு பலகை தொங்கும். கரைக்குப் போக விடுகிற ஷோர் லீவ் எத்தனை மணி வரை என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. நான் ஊர்களைப் பார்த்ததெல்லாம் அந்தப் பலகைக்கு உட்பட்டுத்தான். துறைமுக வாசல், வெளியே போன் பூத், சோப்பும் பிளேடும் விற்கிற ஒரு கடை, திரும்பி வர ஒரு வேன். ரோட்டர்டாமும் அப்படித்தான், சான்டோசும் அப்படித்தான். நீ சின்னப் பிள்ளையில் உலகப்படத்தைத் தரையில் விரித்து, விரல் வைத்து ஒவ்வொரு ஊராகக் கேட்பாய், "இங்க என்னப்பா பாத்தீங்க?" என்று. சொல்ல ஒன்றும் இருக்காது எனக்கு. கப்பலைப் பற்றிப் பேசிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

1994 மே மாதம் எங்கள் கப்பலை வலேட்டாவுக்கு எதிரே, கப்பலைப் பழுது பார்க்கிற டிரை டாக்கில் ஏற்றினார்கள். பத்தொன்பது நாள். அந்த மாதம்தான் உனக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மத்தியானம் வரைக்கும் லீவு கிடைத்தது. டைசா என்று சொல்லும் சின்னப் படகில் அக்கரைக்குப் போய், படி படியாக ஏறி, ஒரு தெரு முக்கில் சிவப்பு டெலிபோன் கூண்டைக் கண்டுபிடித்து, எதிர்வீட்டு நம்பரை அடித்தேன். உன்னைக் கூட்டி வருகிற வரைக்கும் கார்டில் காசு கரைந்துகொண்டே இருந்தது. ஓடி வந்து மூச்சு வாங்கப் பேசினாய். "நீங்க நிக்கிற இடம் எப்படிப்பா இருக்கு?" என்றாய். "எல்லாம் கல்லா இருக்கும்மா" என்றேன். லைன் போய்விட்டது.

போன வருஷம் நீங்கள் இருவரும் பணம் கட்டி எங்களைக் கப்பலில் அனுப்பி வைத்தீர்களே, அந்தப் பட்டியலில் வலேட்டா என்று படித்ததும் முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பதில்தான். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

முதலில், காலை ஏழு மணிக்கே மேல்தளத்துக்கு வந்துவிடு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு வா, சின்னவனையும் தூக்கிக்கொண்டு வா. கிராண்ட் ஹார்பர் என்கிற துறைமுகத்துக்குள் கப்பல் நுழைவதைப் பார்க்காமல் மால்டாவைப் பார்த்ததாகக் கணக்கில்லை. கப்பல் போகிற திசைக்கு வலது கைப் பக்கம் வலேட்டா, இடது பக்கம் மூன்று பழைய ஊர்கள். இரண்டு கரையும் கோட்டை மதில்தான். வெயில் படும்போது அந்தக் கல் பனங்கற்கண்டு நிறத்துக்கு வரும். இடது பக்கம் செங்லியா முனையில் மதில் மூலையில் ஒரு சின்னக் காவல் கூண்டு இருக்கிறது. அதில் ஒரு கண்ணும் ஒரு காதும் செதுக்கி வைத்திருக்கிறார்கள், காவல்காரன் பார்க்கவும் வேண்டும் கேட்கவும் வேண்டும் என்று. சின்னவனைக் கண்டுபிடிக்கச் சொல்.

இறங்கினதும் டாக்ஸிக்காரர்களும் குதிரைவண்டிக்காரர்களும் கூப்பிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடல் வலது கைப் பக்கம் வரும்படி கரையோரமாக நடங்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மதிலை ஒட்டி உயரமான லிஃப்ட் தெரியும். 58 மீட்டர். பழைய லிஃப்டை 1973-இல் நிறுத்திவிட்டார்கள், இது 2012-இல் வந்தது. நடுவில் நாற்பது வருஷம் மனிதர்கள் காலால்தான் ஏறினார்கள், நானும் அதில் ஒருவன். போன தடவை ஆளுக்கு ஒரு யூரோ கொடுத்து உங்கம்மாவோடு அரை நிமிஷத்தில் மேலே போய் நின்றபோது, அந்தப் படிகளை அவளுக்குக் குனிந்து காட்டினேன்.

மேலே ஏறினால் அப்பர் பராக்கா பூங்கா. அங்கே நிற்க வேண்டாம், மத்தியானத்துக்குத் திரும்பி வரலாம். நேராக ஸ்நாபக அருளப்பர் (திருமுழுக்கு யோவான்) கோவிலுக்கு நடங்கள். கதவு திறக்கிற நேரத்துக்கே போய்விட்டால் பஸ் கூட்டம் வருவதற்கு முன் உள்ளே இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், நீங்கள் போவது புதன் என்பதால் கவலையில்லை. தோள் மூடின உடுப்பு வேண்டும். ஊசிக் குதிகால் செருப்பை அனுமதிக்க மாட்டார்கள். ஏனென்றால் தரை முழுக்கக் கல்லறைகள். கலர் கலரான சலவைக்கல்லில் எலும்புக்கூடும் மண்டை ஓடும் கேடயமும் இழைத்து, அந்தக் காலத்தில் தீவை ஆண்ட அருளப்பர் சபை என்ற துறவற சபையின் வீரர்கள் கிட்டத்தட்ட நானூறு பேரை அங்கே அடக்கம் பண்ணியிருக்கிறார்கள்.

வெளியே இருந்து பார்த்தால் அது கோவில் மாதிரியே இராது. வெறும் கோட்டைச் சுவர். 1565-இல் துருக்கிப் படை தீவை முற்றுகையிட்டது. அதிலிருந்து தப்பின கையோடு, அடுத்த வருஷமே அருளப்பர் சபை வீரர்கள் இந்த ஊரைக் கட்டத் தொடங்கினார்கள். கோவில் 1577-இல் முடிந்தது. பயந்திருந்தவர்கள் கட்டினது என்பது அந்தச் சுவரிலேயே தெரிகிறது. உள்ளே காலை வைத்தால் விட்ட இடமில்லாமல் தங்கம்.

பக்கத்து அறையில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த படம் இருக்கிறது. அருளப்பரின் தலையை வெட்டுகிற காட்சி, 1608-இல் வரைந்தது, சுவர் நிறைய. ரோமாபுரியில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்த ஆள் அவர். இங்கே சபையில் சேர்த்துக்கொண்டார்கள். அதே வருஷம் சிறையில் போட்டார்கள், அவர் தப்பி ஓடினார். அருளப்பர் கழுத்திலிருந்து வழிகிற ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட படம் உலகத்தில் இது ஒன்றுதான். எல்லாரும் அந்தக் கையெழுத்தைத் தேடுவார்கள். நீ வலது பக்கம் பார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இரண்டு கைதிகள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார்கள். அவர்களால் பார்க்கத்தான் முடியும். நான் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன், உங்கம்மா வந்து கையைத் தொடுகிற வரைக்கும். இந்த ஒரு அறைக்கு மட்டும் அரை மணி நேரம் வைத்துக்கொள். பஸ்ஸில் வந்தவர்களுக்கு அது கிடைக்காது.

அங்கிருந்து சில தெரு தள்ளி சின்னப்பர் (பவுல்) கோவில், அவர் கப்பல் உடைந்ததன் நினைவாகக் கட்டினது. ஆச்சி உனக்குச் சொல்லியிருப்பார்கள், திருத்தூதர் பணிகளில் 27-ஆம் அதிகாரம். 276 பேர், பதினான்கு நாள் புயல், சரக்கைக் கடலில் எறிந்து, கடைசியில் பலகையைப் பிடித்து நீந்திக் கரையேறினார்கள். கரையேறின தீவு மால்டா. மழையும் குளிருமாக இருந்ததால் ஊர்க்காரர்கள் தீ மூட்டிக் கொடுத்தார்கள் என்று வேதத்தில் இருக்கிறது. அவருடைய கை எலும்பை அந்தக் கோவிலில் வைத்திருக்கிறார்கள். இதற்குக் கூட்டம் வராது. கடல்காரன் வீட்டுப் பிள்ளை நீ, ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வா.

பசித்தால் பஸ்திட்ஸி வாங்குங்கள். நம் பேக்கரி பப்ஸை விட அடுக்கு மெல்லிசு. உள்ளே பட்டாணி மசியல், இல்லையென்றால் வெண்ணெய் போலப் பாலாடைக்கட்டி. பட்டாணிதான் நல்லது. கடைக்காரர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேள். எழுத்து ஆங்கில எழுத்து, பேச்சு அரபி வேர். வளைகுடாத் துறைமுகங்களில் நான் பொறுக்கின எண்கள் இங்கே எனக்குப் புரிந்தன. ஆனால் நன்றிக்கு இத்தாலிக்காரனைப் போல "கிராட்ஸி" என்பார்கள்.

பதினொன்றரைக்கெல்லாம் பராக்காவுக்குத் திரும்பிவிடுங்கள். கீழ்த் தளத்தில் பீரங்கி வரிசை. சரியாகப் பன்னிரண்டுக்கு ஒன்று வெடிக்கும். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரி பார்த்துக்கொண்டது அந்தச் சத்தத்தை வைத்துத்தான். நேரம் பிசகினால் கடலில் தீர்க்கரேகை பிசகும், நிற்கிற இடமே தெரியாமல் போகும். சின்னவன் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

அங்கே நின்று துறைமுகத்தைப் பார்க்கும்போது ஒன்று நினைத்துக்கொள். இரண்டாம் உலகப் போரில், 1942 ஆகஸ்டில் இந்தத் தீவில் எரிபொருளும் உணவும் தீரப் போகிற நிலை. பிரிட்டனிலிருந்து பதினான்கு சரக்குக் கப்பல்கள் கிளம்பின, ஐந்துதான் வந்து சேர்ந்தன. கடைசியாக ஆகஸ்ட் 15 காலை, ஓஹையோ என்ற எண்ணெய்க் கப்பல் வந்தது. என்ஜின் செத்து, தளத்தில் தண்ணீர் ஏறுகிற அளவுக்கு அமிழ்ந்து, இரண்டு பக்கமும் போர்க்கப்பல்கள் முட்டுக்கொடுத்து, இதே வாசல் வழியாக. மாதா விண்ணேற்பு நாள் என்பதால் மால்டாக்காரர்கள் அந்தக் கப்பல் வரிசையை சாந்தா மரிய்யா என்றே இன்றும் சொல்கிறார்கள். வராத ஒன்பது கப்பல்களின் என்ஜின் ரூம்களை நான் நினைக்காமல் அந்தக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்ததில்லை. சண்டை போட வந்தவர்கள் இல்லை அவர்கள், மாவும் எண்ணெயும் கொண்டு வந்தவர்கள்.

மத்தியானத்துக்கு மேல் லிஃப்டில் இறங்கினால் பக்கத்திலேயே அக்கரைக்குப் படகு. பத்து நிமிஷம். அந்த மூன்று பழைய ஊர்களில் ஒன்றான பிர்குவின் சந்துகளில் நடங்கள், அப்பாவின் கப்பலை ஏற்றியிருந்த டாக் அந்தப் பக்கம்தான். மூன்று மணிக்கு இக்கரையில் இருங்கள்.

இதற்கு மேல் ஒன்றையும் சேர்க்காதே. எம்டினா அழகான ஊர்தான். ஆனால் தீவின் நடுவில் இருக்கிறது, ரோட்டில் நெரிசல் என்றால் உன் கையில் ஒன்றுமில்லை. கப்பல்காரர்களின் டூர் பஸ் தாமதமானால் கப்பல் நிற்கும். நீங்களாகப் போனால் நிற்காது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வலேட்டாவை நான் சொல்வதற்குக் காரணமே அதுதான். பராக்காவில் நின்றால் உங்கள் கப்பல் கண்ணெதிரே தெரியும். கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வை, போன் காட்டுவதை நம்பாதே. முந்தின இரவு கேபினுக்கு வருகிற தாளில் துறைமுக ஏஜென்ட் நம்பர் இருக்கும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்.

அந்த டெலிபோன் கூண்டைப் போன வருஷம் தேடினேன். சிவப்புக் கூண்டுகள் இன்னும் ஊருக்குள் இருக்கின்றன, ஆனால் எது என்னுடையது என்று உறுதியாகத் தெரியவில்லை. மெர்ச்சன்ட்ஸ் தெருவுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. அதுவாக இருக்கலாம். உங்கம்மா அதற்குள் நின்று கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்று உனக்கு முந்தி போனை வாங்கினது அவள்தானே.

நீ அங்கே இருக்கும்போது பீரங்கி வெடிக்கிற நேரம் இங்கே மூன்றரை. வெடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முந்தி போன் போடு. வீடியோ வேண்டாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு, நிற்கிற இடம் எப்படி இருக்கிறது என்று நீ எனக்குச் சொல்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சின்னவனுக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: உங்கம்மா எழுதச் சொல்கிறாள். தெருக்கல் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது, மழைத் தூறல் விழுந்தால் வழுக்கும். சின்னவனுக்குப் பிடிமானமுள்ள ஷூ போட்டுவிடு. பல தெரு வெறும் படிக்கட்டு, தள்ளுவண்டியைக் கப்பலிலேயே விட்டுவிட்டுப் போ.