அப்பச்சியின் கார் விஷயமாக

அன்பு நண்பனுக்கு,

காரியங்கள் முடிந்து நீ சென்னை திரும்பிவிட்டதாக உன் தம்பி சொன்னான். கேதத்து வீட்டில் இதைப் பேச எனக்கு மனம் வரவில்லை. தள்ளிப்போடவும் முடியாது என்பதால் எழுதுகிறேன்.

காலமான உன் அப்பா, அப்பச்சியின் காரைத்தான் சொல்கிறேன். தம்பி அதில்தான் உன் அம்மா ஆச்சியை ஆஸ்பத்திரிக்கும் கோவிலுக்கும் கூட்டிப்போகிறான். நம் ஊரில் வீடு மூன்று தலைமுறையாக ஐயாக்கள் பெயரிலேயே கிடக்கும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். காரை அப்படி விட முடியாது. அது ரோட்டில் ஓடுகிறது. நாளைக்கு யார் மீதாவது இடித்துவிட்டால், ஆர்சி என்கிற பதிவுச் சான்றிதழ் யார் பெயரில், இன்சூரன்ஸ் யார் பெயரில் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56-வது விதி இதற்கென்றே இருக்கிறது. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள், அவர் காலமானதையும் வண்டியை இனி நாம் பயன்படுத்தப்போவதையும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டால் இறந்த நாளிலிருந்து 3 மாதம் வரை வண்டியை ஓட்டலாம். அந்த 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்: பாலிசி 3 மாதம் வரை அல்லது அதன் கெடு முடியும் வரை, எது முந்தியோ அதுவரை செல்லும். ஆகவே 30 நாள் முடிவதற்குள் தம்பியை ஒரு கடிதமும் இறப்புச் சான்றிதழ் நகலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைக்கச் சொல்.

காலம் பிடிப்பது வாரிசுச் சான்றிதழ்தான். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து தாசில்தாரிடமிருந்து வரும். அதில் ஆச்சி, நீ, தம்பி, அக்கா நால்வர் பெயரும் இருக்க வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்தானே என்று அக்கா பெயரை விட்டுவிடாதீர்கள், அவளும் சட்டப்படி வாரிசு. பிறகு மற்ற மூவரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

யார் பெயருக்கு என்று கேட்டால், தம்பி பெயருக்கே என்பேன். மரியாதைக்காக ஆச்சி பெயரில் போடலாம் என்று உனக்குத் தோன்றும். ஆனால் உரிமையாளரே ஓட்டும்போது கிடைக்கிற 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்குத்தான். ஓட்டுகிறவன் பெயரில் வண்டி இருப்பதே அவனுக்குப் பாதுகாப்பு. அப்பச்சி இத்தனை வருஷம் கிளெய்ம் வாங்காமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் என்கிற பிரீமியத் தள்ளுபடியும் மகனுக்கு வரும். பாலிசியை மாற்றும்போது அதைக் கேட்டு வாங்கச் சொல். கார் லோன் பாக்கி ஏதும் இருந்ததா என்றும் பார். லோன் முடிந்திருந்தாலும் ஆர்சியில் பேங்க் பெயர் நீக்கப்படாமல் இருக்கலாம். அப்படியிருந்தால் அதை நீக்க, பேங்கில் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்கிற சான்று) படிவம் 35-ம் வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் சித்தப்பா தவறியபோது அவருடைய ஸ்கூட்டருக்காக அலைந்த அவர் மகனிடம் ஒரு புரோக்கர், “இதற்கெல்லாம் வாரிசுச் சான்றிதழ் எதுக்கு? வண்டி விற்கும்போது கொடுக்கிற 29, 30 படிவத்தில் அப்பா கையெழுத்தை நீங்களே போட்டுடுங்க, உயிரோடு இருக்கும்போது விற்ற மாதிரி முடிச்சிடலாம்” என்றார். நான் கூடவே கூடாது என்று நிறுத்தினேன். இறந்தவர் கையெழுத்தைப் போடுவது மோசடிக் குற்றம். அதோடு, அவ்வளவு நேர்மையாகக் கணக்கு எழுதி வாழ்ந்த மனிதர்களின் பெயரில் கடைசியாக ஒரு பொய்க் கையெழுத்து நிற்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.

2021-லிருந்து ஆர்சியிலேயே நாமினி பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். நாமினி இருந்தால் வாரிசுத் தாள்களுக்கு இத்தனை அலைச்சல் இல்லை. என் வண்டிக்கு வீட்டுக்காரி பெயரைச் சேர்த்துவிட்டேன். நீயும் உன் வண்டிக்குச் செய்துவிடு.

இங்கே எல்லோரும் நலம். பிள்ளையார் நோன்புக்கு நீ வந்தால் இரண்டு நாள் தங்கிப் பேசலாம். அதற்குள் ஆர்சி, இன்சூரன்ஸ் இரண்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. வாரிசுச் சான்றிதழுக்கு தம்பியோடு நானே தாலுகா ஆபீஸ் போகிறேன். ஆச்சியை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் காரைக்குடி நண்பன்