வாரம் ஒரு ரகசிய எழுத்துப் புதிர் போடுங்க, வாசகர்கள் சேர்ந்தே உடைக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயிற்றுக்கிழமை இணைப்புல புதிர்ப் பக்கம்னு ஒண்ணு வருதே, அதைப் பத்திதான் இந்தக் கடிதம். சுடோகு இருக்கு, குறுக்கெழுத்து இருக்கு, ஆறு வித்தியாசம் இருக்கு, எல்லாமே ஒருத்தர் தனியா உக்காந்து போட்டுட்டு அடுத்த வாரம் விடை சரியான்னு பாத்துட்டு மறந்துடுற விஷயம். அந்தப் பக்கத்துல ஒரு மூலையை ஒதுக்கி வாரம் ஒரு தமிழ் சங்கேதப் புதிர் போடுங்க. அதாவது வெறும் குறிகளால எழுதின ஒரு சேதி, அதை உடைச்சுப் படிக்கணும், ஆனா தனித்தனியா இல்ல, வாசகர்கள் எல்லாரும் சேர்ந்து. ஏன் இவ்வளவு அழுத்திக் கேக்குறேன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாதான் போகும், பொறுத்துக்கோங்க.

நாங்க ஒரு வாட்ஸ்அப் குரூப், முக்கால்வாசிப் பேர் சென்னைதான். ரயில்வேல ரிடையர் ஆகி பெரம்பூர்ல இருக்குற ஒரு சார், ராயப்பேட்டைல ஒரு பிரஸ்ல ப்ரூஃப் பாக்குற அண்ணன், தாம்பரத்துலேர்ந்து காலேஜ் போற பொண்ணு, டியூஷன் எடுக்குற ஒரு அக்கா, இப்படி. பாதிப் பேரை நான் நேர்ல பாத்ததே இல்ல. ரயில்வே சார் ஒரு நாள் வெள்ளைத் தாள்ல கையால வரைஞ்ச குறிகளை போட்டோ எடுத்துப் போட்டாரு. வட்டம், முக்கோணம், கொக்கி, புள்ளி வச்ச கட்டம். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல இடைவெளி மட்டும் இருந்துச்சு, வேற க்ளூ எதுவும் கிடையாது.

இங்கிலீஷ்ல இந்த மாதிரி புதிர்னா எந்தக் குறி ஜாஸ்தியா வருதுன்னு எண்ணி அதை E-ன்னு வச்சுக்கிட்டு ஆரம்பிச்சுடுவாங்க. தமிழ்ல அது நடக்காது, நம்ம எழுத்து 247. ஒரு எழுத்துக்கு ஒரு குறின்னு வச்சா சின்ன சேதில பாதிக் குறி ஒரே ஒரு தடவைதான் வரும், எண்ணி என்ன பண்றது. தாம்பரம் பொண்ணு அப்படி நினைச்சுதான் முதல்ல ஒரு பெரிய டேபிள் போட்டுச்சு, சரிப்படலை. ஆனா அந்த டேபிள்லதான் விஷயமே வெளிய வந்துச்சு, மொத்தமா எத்தனை விதமான குறி இருக்குன்னு பாத்தா முப்பதைத் தாண்டலை. உயிர் 12, மெய் 18, கூட்டினா 30. அப்ப சார் உயிர்மெய்யைப் பிரிச்சு எழுதியிருக்காரு, க-ன்னா க் ஒரு குறி அ ஒரு குறி!

அதுக்கப்புறம் ப்ரூஃப் அண்ணனோட நேரம். அவர் ராத்திரி வேலை முடிச்சுட்டு வாய்ஸ் நோட்டா போடுவாரு, நாங்க காலைல எந்திரிச்சுக் கேப்போம். ஒரே குறி பக்கத்துல பக்கத்துல ரெண்டு தடவை வந்தா அது மெய்தான், ஏன்னா தமிழ்ல உயிருக்கு அடுத்து உயிர் வராதுன்னாரு. ர், ழ் ரெண்டும் ரெட்டிக்காது, அதனால அந்த ரெட்டைக்குறி இது ரெண்டுமா இருக்க முடியாது. அப்புறம் க், ச், த், ப் இந்த நாலுக்கும் பின்னாடி அதே மெய்தான் வரும், பக்கம் அச்சம் பத்து அப்பா-ன்னு சொல்லிப் பாருங்க, பக்தி மாதிரி வெளியிலேர்ந்து வந்த சொல்லை விட்டுட்டா இது மாறவே மாறாது. இதெல்லாம் தொல்காப்பியத்துலயே இருக்கு. எந்த மெய்க்குப் பின்னாடி எந்த மெய் வரும்ங்கிற இந்த விதியை ஸ்கூல்ல மெய்ம்மயக்கம்னு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு விட்டது, ஒரு பூட்டைத் திறக்குற வேலைக்கு இப்படி ஆகும்னு எந்த டீச்சரும் சொல்லித் தரல. எனக்கு அதுல இன்னிக்கும் வருத்தம் உண்டு.

அந்தத் தாள்ல 13 குறி உள்ள ஒரு சொல் இருந்துச்சு. மூணாவது, பதினொண்ணாவது, பன்னெண்டாவது ஒரே குறி. ஆறு, எட்டு, ஒம்பது ஒரே குறி. அஞ்சு, ஏழு, பத்து ஒரே குறி. பதினொண்ணும் பன்னெண்டும் ரெட்டிக்குது, ஆனா மூணாவது இடத்துல அதே குறிக்குப் பின்னாடி வேற ஒரு மெய் வருது, அப்ப அது க் ச் த் ப் கிடையாதுன்னு அண்ணன் சொல்லிட்டாரு. இப்படியே ஒரு ராத்திரி ஓடுச்சு. டியூஷன் அக்கா மயிலாப்பூர்ல பிறந்து வளர்ந்தவங்க, காலைல வேற எதுவும் பேசாம ஒரே ஒரு சொல் போட்டாங்க, அங்க இருக்குற அம்மன் கோயில் பேரு, முண்டகக்கண்ணி. எண்ணிப் பாருங்க, ம் உ ண் ட் அ க் அ க் க் அ ண் ண் இ, அப்படியே உக்காருது.

ஏழு குறி ஒரே அடியில கெடைச்சாச்சு. அடுத்து 9 குறி சொல் ஒண்ணு, கடைசி நாலு க்கம்-னு தெரியுது, அதுக்கு முந்தின குறி தெரியாது, அதுக்கும் முன்னாடி ஒரு ரெட்டைக்குறி. சென்னைக்காரங்களுக்கு க்கம்-னு முடிஞ்சா பாக்கம்தானே, நுங்கம்பாக்கம் மீனம்பாக்கம் அரும்பாக்கம் கோடம்பாக்கம்னு ஆளாளுக்கு அடுக்கிட்டாங்க, ஆனா ப் ரெட்டிக்கணுமே. ஊரப்பாக்கம்னு ஒருத்தர் சொன்னாரு, அதுல ரெட்டைக்கு முன்னாடி அ வரணும், அ-வோட குறிதான் எங்க கைல இருக்கே, இங்க இருந்தது அது இல்ல. எண்ணிக்கையும் ஒண்ணு கூடுது. அப்ப சேப்பாக்கம். அந்த எடத்துல எங்க எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு, இது பறக்கும் ரயில் ஸ்டேஷன் பேருங்க! கடற்கரைலேர்ந்து வேளச்சேரி வரைக்கும் வரிசையா.

ஒரே ஒரு குறி மட்டும் எந்த விதிக்கும் அடங்காம நின்னுச்சு, தாள்லயே ரெண்டே எடத்துலதான் வந்துச்சு, அதுவும் ஒரு எடத்துல சொல்லோட கடைசில. கிரீன்வேஸ், கஸ்தூரிபாய். ஸ். தொல்காப்பியத்துல இல்லாத எழுத்துதானே, அண்ணன் திணறினதுல ஆச்சரியம் இல்ல. எல்லாம் படிச்சாச்சு, ஆனா சேதி என்னன்னு யாருக்கும் தெரியலை, வெறும் ஸ்டேஷன் பேரு எதுக்கு. தினமும் அதே ரயில்ல வேலைக்குப் போற ஒரு தம்பி, குரூப்புல அதுவரைக்கும் வாயே திறக்காதவன், "திருமயிலை விட்டுப்போச்சே" அப்படின்னான். அதுதான் விடை. சார் வேணும்னே அந்த ஸ்டேஷனை மட்டும் விட்டுட்டு எழுதியிருந்தாரு.

இதுல யாரு உடைச்சதுன்னு கேட்டா நான் யார் பேரைச் சொல்லுவேன்? இலக்கணம் தெரிஞ்ச ஆளுக்கு கோயில் ஞாபகம் வரலை, கோயில் தெரிஞ்ச அக்காவுக்கு குறியை எண்ணுற பொறுமை இல்ல, ரயில்ல போற தம்பிக்கு சங்கேதம்னா என்னன்னே தெரியாது. சரிப்படாத டேபிள் இல்லாம முதல் படியே கிடையாது.

பேப்பருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேக்கலாம். சம்பந்தம் பழசு. 1969 ஜூலை கடைசில அமெரிக்கால கலிஃபோர்னியாவுல ஸோடியாக்னு தன்னைச் சொல்லிக்கிட்ட ஒரு கொலைகாரன் 408 குறி உள்ள சேதியை மூணாப் பிரிச்சு மூணு பத்திரிகைக்கு அனுப்பினான், அச்சுல வந்துச்சு. சில நாள்லயே அதை உடைச்சது ஒரு ஸ்கூல் வாத்தியார் டொனால்ட் ஹார்டனும் அவர் வீட்டம்மா பெட்டியும், பேப்பரைப் பாத்துத்தான். இவ்வளவு அகங்காரம் பிடிச்சவன் நான்-னுதான் ஆரம்பிப்பான், கொல்றதைப் பத்தித்தான் எழுதியிருப்பான்னு அந்தம்மா யூகிச்சாங்க, இங்கிலீஷ்ல கில்-ங்கிற அந்தச் சொல்லுக்கு எல் ரெட்டிக்குமே, அதனால ரெட்டைக்குறியைத் தேடினாங்க. எங்க அண்ணன் ராயப்பேட்டைல உக்காந்து தேடினதும் ரெட்டையைத்தானே! நவம்பர்ல அவன் இன்னொரு சேதி அனுப்பினான், 340 குறி. அது 51 வருஷம் யாருக்கும் பிடிபடலை. 2020 டிசம்பர்ல அமெரிக்காவுல டேவிட் ஒரான்சாக், ஆஸ்திரேலியாவுல கணித ஆள் சாம் பிளேக், பெல்ஜியத்துல ஜார்ல் வான் எய்க், மூணு நாட்டுலேர்ந்து மூணு பேர் நெட்ல சேர்ந்து உடைச்சாங்க, எஃப்பிஐ-யும் ஒத்துக்கிச்சு. நேர் வரிசையா படிக்காம ஒரு வரி கீழ ரெண்டு குறி தள்ளி, அப்படி சாய்வா படிக்கணும்னு இருந்துச்சு. பிளேக் லட்சக்கணக்கான விதமா வரிசையை மாத்தி மாத்திக் கொடுக்க, ஜார்ல் எழுதின ப்ரோக்ராம்ல அதை ஓட்டிப் பாத்தாங்க. அந்தக் கொலைகாரன் இன்னும் பிடிபடலை, அவனுக்கு ஒரு பெருமையும் வேண்டாம். ஆனா அந்த 51 வருஷத்துல நான் படிச்சுட்டேன்னு தனியா வந்து சொன்னவங்க எத்தனையோ பேர், எதுவும் நிக்கலை. இந்த மூணு பேரோடது நின்னுச்சு, ஏன்னா அவங்க கண்டுபிடிச்ச முறையை யார் கைல கொடுத்தாலும் அதே சேதிதான் வரும்.

2023ல இன்னொண்ணு. பாரிஸ் தேசிய நூலகத்துல இத்தாலி சம்பந்தப்பட்டதுன்னு தப்பாப் பட்டியல் போட்டு வச்சிருந்த சங்கேதக் கடிதங்களை ஒரு கம்ப்யூட்டர் ஆள், ஒரு பியானோ வாத்தியார், ஒரு இயற்பியல்காரர் மூணு பேர் சேர்ந்து படிச்சாங்க. பாத்தா இங்கிலாந்துல சிறை வச்சிருந்த ஸ்காட்லாந்து ராணி மேரி எழுதின 57 கடிதம், அதுல பெரும்பாலானது 400 வருஷத்துக்கு மேல யாரும் படிக்காம கிடந்தது!

நம்ம ஊருக்கு வருவோம். 1924 செப்டம்பர்ல, அப்ப இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவரா இருந்த ஜான் மார்ஷல் சிந்துவெளி முத்திரைகளை முதல்ல உலகத்துக்குக் காட்டினது ஆராய்ச்சிப் புத்தகத்துல இல்ல, லண்டன்ல வந்த ஒரு படப் பத்திரிகைல. அடுத்த வாரமே சேஸ்-ங்கிற பேராசிரியர் அந்தப் பத்திரிகைக்கு கடிதம் எழுதி, இதே மாதிரி எழுத்துள்ள பலகைங்க ஈரான் பக்கம் சூசாங்கிற பழைய ஊர்ல கெடைச்சிருக்குன்னு சொன்னாரு, அதுலேர்ந்துதான் இது இவ்வளவு பழசுன்னு உலகத்துக்குத் தெரிய ஆரம்பிச்சுது. ஆசிரியருக்கு வந்த ஒரு கடிதம் ஐயா, இப்ப நான் உங்களுக்கு எழுதுறேனே இதே மாதிரி. அதே 1924ல நம்ம மெட்ராஸ்ல நடந்த மாநாட்டுல கே.வி.சுப்பிரமணிய ஐயர், பாண்டி நாட்டுக் குகைகள்ல இருக்குற பிராமி எழுத்து தமிழ்தான்னு எடுத்துச் சொன்னாரு, அவருக்குத் துணை நின்னது தமிழுக்கே உள்ள எழுத்துங்க. ஐராவதம் மகாதேவன் சிந்துவெளிக் குறிகளை எல்லாம் கம்ப்யூட்டர் துணையோட தொகுத்து 1977ல வெளியிட்டாரு, நானூத்துச் சொச்சம் குறி, ஒரு முத்திரைல சராசரியா அஞ்சுதான் இருக்கும், அதான் இன்னும் யாருக்கும் பிடிபடலை. அவர் தினமணிக்கு ஆசிரியரா இருந்தவர்ங்கிறதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அவர் தொடங்கி வச்ச சிந்துவெளி ஆய்வு மையம் தரமணில ரோஜா முத்தையா நூலகத்துலதான் இருக்கு, எங்க தம்பி போற அதே ரயில்ல இறங்கினா போயிடலாம். 2025 ஜனவரில இதைப் படிச்சுக் காட்டுறவங்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசுன்னு முதலமைச்சர் சென்னைலதான் அறிவிச்சாரு. பரிசு சரி, எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அதுக்கப்புறம் ஆளாளுக்கு நான் படிச்சுட்டேன்னு ஃபார்வர்ட் வருது, ஒருத்தர் படிக்கிற முறையை இன்னொருத்தர் கைல கொடுத்தா அதே வாசகம் வருமான்னு கேக்குற பழக்கம் வாசகர்கள் கிட்ட இல்ல. அந்தப் பழக்கத்தை பேப்பர்தான் வளக்க முடியும்.

அதனால எப்படிப் போடணும்னும் சொல்லிடுறேன். முதல்ல விடை அனுப்புறவருக்குப் பரிசுன்னு மட்டும் தயவு செஞ்சு வைக்காதீங்க, வச்சா அவனவன் தெரிஞ்சதை மறைச்சுக்குவான், கூட்டு வேலை செத்துடும். ஒரு வாரம் புதிர், அடுத்த வாரம் இதுவரைக்கும் என்ன தெரிஞ்சுதுன்னு வாசகர் பேரு ஊரு போட்டு, யூகம் தப்பா இருந்தாலும் ஏன் தப்புன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. விடையை மட்டும் எழுதி அனுப்பினா ஏத்துக்காதீங்க, எப்படி வந்துச்சுன்னு எழுதணும், இல்லேன்னா போட்டோ எடுத்து ஏஐ கிட்ட கொடுத்து வாங்கி ஒட்டிட்டுப் போயிடுவாங்க, அதுல அடுத்தவருக்கு ஒரு பிடியும் கெடைக்காது. போஸ்ட் கார்டுல அனுப்பினாலும் எடுத்துக்கணும். எங்க ரயில்வே சார் மாதிரி ஆளுங்க ஊரெல்லாம் இருக்காங்க, எல்லார் கிட்டயும் நெட் இருக்கும்னு சொல்ல முடியாது. பசங்களுக்கும் இது ஒட்டிக்கும், க-பாஷை பேசி அப்பா அம்மாவை ஏமாத்தாத பிள்ளை எந்தத் தெருவுல இருக்கு.

மாசத்துல ஒரு வாரம் மட்டும் புதிருக்குப் பதிலா ஒரு சிந்துவெளி முத்திரையோட படத்தைப் போடுங்க, மகாதேவன் கொடுத்த குறி எண்ணோட, எங்க கெடைச்சுதுன்னு ரெண்டு வரியோட. விளக்கம் எதுவும் வேண்டாம், சும்மா பாக்கட்டும், கண்ணுக்குப் பழகட்டும்.

முதல் மூணு மாசத்துக்கு வேண்டிய புதிரை நாங்களே செஞ்சு, விடையோடவும் உடைக்கிற வழியோடவும் உங்க அலுவலகத்துக்கு நேர்ல கொண்டு வந்து கொடுக்குறோம், பணம் எதுவும் வேண்டாம். தாம்பரம் பொண்ணு குறிகளை கம்ப்யூட்டர்ல சுத்தமா வரைஞ்சு தரேன்னு சொல்லியிருக்கு. அச்சடிக்கும்போது மட்டும் கொஞ்சம் பெருசாப் போடுங்க, புள்ளி வச்ச கட்டமும் புள்ளி வைக்காத கட்டமும் பெரியவங்க கண்ணுக்கு ஒண்ணாத் தெரிஞ்சா எல்லாரோட எண்ணிக்கையும் தப்பிப் போயிடும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மந்தைவெளி, சென்னை