சம்பளச் சீட்டைத் திரும்பிப் பாருங்கள்: திருப்பூர் பின்னலாடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பின்னலாடை உற்பத்தியாளர், ஏற்றுமதியாளர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஊரின் பனியன் கம்பெனிகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் சம்பளப் பட்டியல் போட்டவன் என்ற ஒரே தகுதியில் இந்த மடலை எழுதுகிறேன். ஒவ்வொரு கூலி ஒப்பந்தப் பேச்சிலும் எத்தனை சதவீதம் உயர்த்துவது என்பதிலேயே இரு தரப்பின் நேரமும் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். கொடுக்கும் பணத்தை எப்படிப் பிரித்து, எப்போது, எதற்காகக் கொடுக்கிறோம் என்ற பேச்சு மேசைக்கு வந்ததே இல்லை. அடுத்த பேச்சிலாவது அது வர வேண்டும்.

உங்களுக்கு வேண்டியவை எவை என்று கேட்டால் எல்லா முதலாளிகளும் ஒரே பதிலைத்தான் சொல்கிறீர்கள்: சரக்கு தேதி தவறாமல் கப்பலேற வேண்டும், ஆல்ட்ரேஷன், அதாவது பழுதான பீஸைப் பிரித்துத் திரும்பத் தைப்பது, குறைய வேண்டும், பழகிய டைலர் வேலையில் நிலைக்க வேண்டும். ஆனால் சம்பளச் சீட்டில் இந்த மூன்றுக்கும் ஒரு வரிகூட இல்லை. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவருக்குத் தேறிய பீஸுக்கும் தேறாத பீஸுக்கும் ஒரே ரேட். ஷிப்ட் கூலியில் இருப்பவருக்கு வந்து நின்றால் போதும். செக்கிங் என்ற தரச் சோதனையில் திரும்பிய பீஸ்களைப் பிரித்துத் தைத்து முடிப்பதற்குள் கப்பல் போய்விட, சரக்கை விமானத்தில் அனுப்பி, அந்த ஆர்டரின் லாபத்தைச் சரக்குக் கட்டணமாகக் கட்டியதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். முதல் முறையிலேயே செக்கிங்கில் தேறும் பீஸ்களின் அளவுக்கு ஏற்ப லைன் முழுவதற்கும், அதாவது டைலரோடு கைமடி எனப்படும் உதவியாளர்களுக்கும் செக்கிங் பெண்களுக்கும் சேர்த்து, வாரந்தோறும் ஒரு தொகை கொடுத்துப் பாருங்கள். தேறாத பீஸுக்குக் கூலியில் பிடித்தம் செய்யும் வழியை மட்டும் நாட வேண்டாம். பிடித்தம் வந்த அன்றே பழுதான பீஸை மறைக்கும் பழக்கமும் லைனுக்குள் வந்துவிடும்.

இனி, நான் அதிகம் மனம் வருந்தும் விஷயத்துக்கு வருகிறேன். மாதம் 15,000 ரூபாய் பெறும் டைலரின் சம்பளத்தை அடிப்படையும் பஞ்சப்படியும் (அகவிலைப்படி) 8,000, வீட்டு வாடகைப்படி, பயணப்படி, இதர படி என்று மீதி 7,000 எனப் பிரித்து எழுதும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. நானே அப்படி எழுதியிருக்கிறேன். 7,000 ரூபாய்க்கான 12 சதவீத பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பங்காக மாதம் 840 ரூபாய் கம்பெனிக்கு மிச்சமாகிறது. அதே பிரிவினையால் ஐந்தாண்டு வேலை பார்த்தவரின் கிராஜுவிட்டி (பணிக்கொடை) 43,269 ரூபாயிலிருந்து 23,077 ரூபாயாகக் குறைகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கப்படும் படிகளையும் பிஎஃப் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்போ, மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டும் படிகளைச் சம்பளமாகவே கொள்கிறது. பாதி என்பது சட்டம் போட்ட கடைசிக் கோடு. அந்தக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவதையே ஊதியத் திட்டம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மிச்சமான அந்த 840 ரூபாய்க்கு எதிராக என்ன போகிறது என்பதை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனியில், ஓவர்லாக் மெஷினில் ஒன்பதாண்டுகளுக்கு மேல் ஒரே லைனில் தைத்த ஓர் அம்மா, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வேலையை விட்டு நின்று பிஎஃப் பணத்தை எடுத்தார். படிவங்களை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். பிள்ளைகளின் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்விக்காக, ஏழாண்டு உறுப்பினராக இருந்தவர் வேலையில் இருந்தபடியே தம் பங்கில் பாதி வரை முன்பணம் எடுக்கலாம் என்பது அன்றைய விதியிலேயே இருந்தது. அதை அவருக்குச் சொல்ல எங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லை. எனக்கும் அன்று அது மனதில் படவில்லை. பத்தாண்டு நிறைந்திருந்தால் வயதான காலத்தில் மாத ஓய்வூதியம் கிடைத்திருக்கும். சில மாதங்கள் குறைந்ததால் அது கைநழுவிப் போயிற்று. இரண்டு மாதம் கழித்து அவர் பக்கத்து வீதிக் கம்பெனியில் சேர்ந்தார். அவருடைய மெஷினில் அடுத்தடுத்து மூன்று பேர் உட்கார்ந்தார்கள். புதிதாக வருபவர் லைனுக்குப் பழகி முழு உற்பத்தி தர ஆறு வாரமாவது ஆகும் என்பது என் அனுபவம். அந்த இழப்பைக் கணக்கிட எந்தக் கம்பெனியின் லெட்ஜரிலும் தலைப்பு இல்லாததால்தான் 840 ரூபாய் லாபமாகத் தெரிகிறது.

தீபாவளி போனஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் 20 சதவீதம். மொத்தத்தையும் தீபாவளிக்கு முன் ஒரே நாளில் கொடுக்கிறோம். ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று பிறகு வாசலைப் பார்த்து நிற்கிறோம். தொழிலாளியின் வீட்டில் பெரும் செலவு வருவதோ ஜூன் மாதம், பள்ளி திறக்கும்போது. அப்போது அவர் குழுக்கடனுக்கோ வார வட்டிக்கோ போகிறார். அக்டோபரில் வரும் போனஸில் ஒரு பகுதி வட்டிக்காரர் கைக்குப் போகிறது. ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்களின் ரஜ பண்டிகை ஜூனில்தான் வருகிறது. இடைக்காலமாகக் கொடுத்த போனஸை ஆண்டுப் போனஸில் கழித்துக்கொள்ளப் பழைய போனஸ் சட்டத்திலும் இடமிருந்தது, புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தொழிலாளர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், மூன்றில் ஒரு பங்கை ஜூன் முதல் வாரத்தில் கொடுங்கள். கம்பெனிக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத ஏற்பாடு இது.

ஆளை வேலையில் தக்கவைப்பது என்றவுடன் பணத்தைப் பிடித்து வைக்கும் யோசனை சிலருக்கு வரக்கூடும். நம் பக்கத்து நூற்பாலைகள் சிலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், இளம்பெண்களின் சம்பளத்தில் ஒரு பகுதியை மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் தருவதாகச் சொல்லி விடுதிக்குள் வைத்திருந்ததும், அதனால் வெளிநாட்டு வாங்குநர்களிடம் இந்தப் பகுதியின் பெயர் கெட்டதும் நாம் அனைவரும் அறிந்தவை. தம் பணம் இன்னொருவர் பூட்டில் இருப்பதால் நிற்பவர், பூட்டுத் திறந்த மறுநாள் போய்விடுவார்.

பஞ்சப்படிக்காக 1984-இல் 127 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. சம்பளச் சீட்டின் ஒரு வரி எத்தனை வீடுகளின் அடுப்போடு தொடர்புடையது என்பதை உங்களில் மூத்தவர்கள் நேரில் கண்டிருக்கிறீர்கள்.

ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று ஏற்பாடுகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மொத்த ஊதியத்தில் குறைந்தது முக்கால் பங்கு என்று எல்லாக் கம்பெனிகளும் ஒன்றாக ஏற்க வேண்டும்; ஒரு கம்பெனி மட்டும் செய்தால் அதன் செலவு மட்டும் உயரும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது, அதனால்தான் சங்கத்திடம் கேட்கிறேன். போனஸில் ஒரு பகுதியை ஜூனில் தருவதற்கு ஒப்பந்தத்திலேயே இடம் வேண்டும். பிஎஃப் முன்பணம், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு), ஓய்வூதியம் ஆகியவற்றைத் தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் விளக்கி, படிவம் நிரப்பித் தரும் ஓர் உதவி மையத்தைச் சங்கச் செலவில் தொடங்க வேண்டும். அந்த மையத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் ஊதியமின்றி உட்கார நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சம்பளப் பிரிவு எழுத்தர் ஒருவர்,
திருப்பூர்.