மருந்துக்கு முன் ஒரு பாட்டில் தண்ணீர்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துவிட்டது. கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் எங்களுக்கு இது ஃபோன் ஓயாத காலம். "அண்ணா, மீன் மேல வெள்ளை வெள்ளையா இருக்கு", "சார், ரெண்டு நாளா சாப்பிடல, மூலையிலேயே நிக்குது" என்று காலையில் கடை திறப்பதற்குள் வாட்ஸாப்பில் பத்துப் படங்கள் வந்துவிடும். இதுவரை படத்தைப் பார்த்தே மருந்தின் பெயரைச் சொல்லிவந்தோம். இனி அப்படிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். மருந்து வாங்க வருகிறவர்கள் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும். அதைச் சோதித்து, நாலு கேள்வி கேட்ட பிறகே மருந்து தருவோம். சிலருக்கு இது வீண் அலைச்சலாகப் பட்டிருக்கிறது. அதனால்தான் காரணத்தை எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

போன மாசியில் ஒரு குடும்பம் கோல்ட் ஃபிஷ் படம் ஒன்றை அனுப்பியிருந்தது. நாலு வருடமாக வளர்க்கும் மீன்கள். ஒரு மீனின் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் வெள்ளைப் புள்ளிகள். கடையில் கூட்டம். நாங்கள் பார்த்த வேகத்தில் வெள்ளைப்புள்ளி நோய் என்று சொல்லி மருந்தைக் கொடுத்தனுப்பினோம். அவர்களும் பாட்டிலில் போட்டிருந்த அளவுப்படியே ஊற்றினார்கள். ஐந்தாம் நாள் மூன்று மீன்களும் செத்துப்போயின. அவர்கள் கொண்டுவந்த தண்ணீரில் அம்மோனியா உச்சத்தில் இருந்தது. பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது: அது நோயே இல்லை. இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் கோல்ட் ஃபிஷ்ஷுக்குச் செவுள் மூடியிலும் முன் துடுப்பிலும் வரிசையாக வெள்ளை முட்கள் போலப் புடைக்கும். தானாக வந்து தானாகப் போகும். நலமாக இருந்த மீனுக்கு நாங்கள் மருந்து கொடுத்தோம். அந்த மருந்து ஃபில்டரில் இருந்த நல்ல பாக்டீரியாவைக் கொன்றது. தண்ணீர் நஞ்சாகி மீன்கள் போய்விட்டன. அந்த வீட்டுச் சிறுமி கடை வாசலில் ஒன்றும் பேசாமல் நின்றாள். தவறு முழுக்க எங்களுடையது.

தண்ணீரை முதலில் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களிடம் நோய் என்று வருவதில் பெரும்பகுதி தண்ணீர்க் கோளாறுதான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியதல்ல, வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். இந்த பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறப் புதுத் தொட்டியில் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். தொட்டி வாங்கிய மறுநாளே பத்து மீன் விடுகிறவர்களுக்கு இரண்டாம் வாரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், செவுள் சிவப்பதும், துடுப்பை ஒடுக்கிக்கொள்வதும் அதனால்தான். எந்த மருந்தும் அதைச் சரிசெய்யாது. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவுவதும் இதே தொல்லையைத் தரும். குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

சென்னைத் தண்ணீர் வீட்டுக்கு வீடு மாறுவது உங்களுக்கே தெரியும். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீரில் அது இருக்காது, ஆனால் பல இடங்களில் உப்பும் கடினமும் அதிகம், தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் ஏறி நிற்கும். பிஎச் ஏற ஏற அதே அளவு அம்மோனியா மீனுக்கு மேலும் விஷமாகும். லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் பக்கத்து வீட்டில் பலித்த வைத்தியம் உங்கள் வீட்டில் பலிக்காமல் போகலாம்.

சரி, உண்மையான வெள்ளைப்புள்ளி நோய்க்கு வருவோம். இந்த மழைக்காலத்தில் அதுதான் அதிகம். ராத்திரியில் தண்ணீரின் வெப்பம் சட்டென்று இறங்கினால் மீனின் எதிர்ப்புச் சக்தி குறைந்து நோய் ஏறிக்கொள்ளும். ஏசி அறையில் வைத்த தொட்டிக்கு இந்தத் தொல்லை கோடையிலும் உண்டு. ரவையைத் தூவியதுபோல உடம்பு, துடுப்பு, வால் எங்கும் புள்ளி இருக்கும். மீன் கல்லிலும் செடியிலும் உடம்பை உரசிக்கொள்ளும். இதற்குக் காரணமான ஒட்டுண்ணியின் பெயர் இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலீஸ். 'பல பிள்ளைகள் பெற்ற மீன் பேன்' என்பது அதன் பொருள். பெயருக்கு ஏற்றபடிதான் நடந்துகொள்கிறது. நீங்கள் பார்க்கும் புள்ளி மீனின் தோலுக்கு அடியில் இருந்துகொண்டு தின்று பெருக்கும். முற்றியதும் கழன்று தரையில் விழுந்து, கூடு கட்டிக்கொண்டு, உள்ளேயே பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகும், ஆயிரம் வரைகூடப் போகும். அவை நீந்திவந்து வேறு மீனைத் தேடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சுமார் 2 நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை சாகும்.

மருந்து வேலை செய்வது நீந்தித் திரியும் அந்தக் கட்டத்தில் மட்டும்தான். தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. "மருந்து ஊத்தி மூணு நாள்ல புள்ளி போயிடுச்சு, நிறுத்திட்டேன், பத்து நாள்ல திரும்ப வந்துடுச்சு" என்று வருகிறவர்களுக்கு நடந்தது இதுதான். புள்ளி போனது மருந்தால் அல்ல, அது தரையில் குட்டி போடப் போயிருந்தது. 24 முதல் 26 டிகிரியில் இந்தச் சுற்று 3 முதல் 6 நாளில் முடியும். குளிர்ந்தால் இழுக்கும். அதனால்தான் ஹீட்டர் வைக்கச் சொல்கிறோம். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டிகிரியாக ஏற்றி 29, 30 வரை கொண்டுபோனால் ஒட்டுண்ணி சீக்கிரம் வெளியே வந்து மருந்திடம் மாட்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஆகவே ஏர் மோட்டாரைக் கூடுதலாக ஓடவிடுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சையைத் தொடருங்கள். ஒரு மீனில் புள்ளி தெரிந்தாலும் தொட்டி முழுவதற்கும் சிகிச்சை வேண்டும். அந்த ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பயனில்லை.

கப்பி, மாலி, பிளாட்டி மட்டும் இருக்கும் தொட்டியில் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் கல்லுப்பே போதும் என்பது எங்கள் அனுபவம். 10 லிட்டருக்கு 20 முதல் 30 கிராம். தனியே கரைத்து, ஒரு நாள் முழுக்கச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். செடித் தொட்டிக்கும், கோரிடோராஸ் போன்ற சிறு கெளுத்தி மீன்களுக்கும் இந்த அளவு ஆகாது. உப்பு ஆவியாகாது என்பதையும் மறக்காதீர்கள். வற்றிய தண்ணீரை நிரப்பும்போது மறுபடி உப்புப் போடக் கூடாது, மாற்றிய தண்ணீருக்கு மட்டும் போட வேண்டும்.

வெள்ளைப்புள்ளியோடு குழம்பும் நோய்கள் இரண்டு உண்டு. ஒன்று வெல்வெட். புள்ளி உப்பு மாதிரி இல்லாமல் தங்கத்தூள் தூவியது போல மினுக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நன்றாகத் தெரியும். அந்த ஒட்டுண்ணிக்குப் பச்சையம் உண்டு, அதனால் சிகிச்சையின்போது தொட்டி விளக்கை அணைத்துத் துணி போட்டு மூடச் சொல்வோம். இதற்கான தாமிர மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

இன்னொன்று கொலும்னாரிஸ். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. வாயைச் சுற்றி வெள்ளையாகப் படியும், முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறும். பஞ்சு மாதிரி இருப்பதால் பூஞ்சை என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் அது பாக்டீரியா. பூஞ்சை என்றால் இழை நீளமாக, பெரும்பாலும் ஏற்கெனவே காயம் பட்ட இடத்தில் வரும். வெள்ளைப்புள்ளியையும் கொலும்னாரிஸையும் பிரித்துப் பார்க்க ஏன் இத்தனை பாடுபடுகிறோம் என்றால், வெள்ளைப்புள்ளியைத் தீர்க்க உதவும் சூடு கொலும்னாரிஸுக்கு எண்ணெய் ஊற்றிய நெருப்பு. ஹீட்டரை ஏற்றினால் ஓரிரு நாளில் தொட்டியே காலியாகலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறோம். வால் அரித்து ஓரம் வெளுத்தோ சிவந்தோ இருந்தால் வால் அழுகல். ஆரம்பத்தில் பிடித்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்கு தண்ணீர் மாற்றுவதிலேயே பெரும்பாலும் ஆறும். ஓரம் சுத்தமாகக் கிழிந்திருந்தால் நோயைத் தேடாதீர்கள், மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப் மீன் கூட இருக்கிறதா என்று பாருங்கள். கோல்ட் ஃபிஷ் தலைகீழாக மிதந்தால் இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்தி, பிறகு வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியைக் கொடுங்கள். வயிற்று அடைப்பாக இருந்தால் நேராகிவிடும். உடம்பிலிருந்து நூல் தொங்கினால் நங்கூரப்புழு. மீனை நன்றாக நனைத்த துணியில் பிடித்து, சாமணத்தால் அடியோடு இழுத்தெடுத்தாலும் குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும், ஆகவே சில வாரம் மருந்து தொடர வேண்டும். வயிறு வீங்கி, மேலிருந்து பார்க்கையில் செதில்கள் அன்னாசித் தோல் போலச் சிலிர்த்து நின்றால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பொருள். பிழைப்பது அபூர்வம். பொய் நம்பிக்கை கொடுத்து மருந்து விற்க எங்களுக்கு மனமில்லை, நிலைமையை நேராகவே சொல்லிவிடுவோம்.

ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கொலும்னாரிஸ் முற்றினால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், மறுக்கவில்லை. அதை மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும். குத்துமதிப்பாகக் கொட்டினால் ஃபில்டர் பாக்டீரியாவும் சாகும், மருந்துக்கு மசியாத கிருமியும் வளரும். எங்கள் கடையில் அவற்றை விற்பதை நிறுத்திவிட்டோம். மஞ்சள் தூளும் வேண்டாம். நம் கைக்காயத்துக்கு நல்லதுதான், தொட்டியில் கலங்கலும் அழுக்குமாகப் படிந்துவிடும்.

எந்த மருந்தானாலும் தொட்டியின் உண்மையான கொள்ளளவு தெரிய வேண்டும். "ரெண்டடி தொட்டி" என்றால் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்று எடுத்துக்கொண்டால் 2 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர், ஆக 56. கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் இருந்தால் அதிகம். 60 லிட்டர் என்று நினைத்து ஊற்றுகிறவர் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்றுகிறார். மாலகைட் கிரீன் கலந்த மருந்தென்றால் லோச், கெளுத்தி வகைகளுக்குப் பாதி அளவு. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றாமல் தனித் தொட்டியில் மட்டும் பயன்படுத்துங்கள்.

தனித் தொட்டி என்றதும் செலவு என்று பயப்பட வேண்டாம். மூடியுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டித் துண்டு, தனி வலை, அவ்வளவுதான். புது மீனை 2 வாரமாவது அதில் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டியில் விடுங்கள். வருகிற நோயில் பாதிக்கு மேல் புது மீனோடும் புதுச் செடியோடும்தான் வீட்டுக்குள் நுழைகிறது என்பதே எங்கள் கணிப்பு. நாங்களும் இனி பண்ணையிலிருந்து வரும் மீனை 14 நாள் பின்கட்டில் வைத்த பிறகுதான் விற்பனைத் தொட்டிக்குக் கொண்டுவருகிறோம். அதனால் நீங்கள் கேட்ட மீன் உடனே கிடைக்காமல் போகலாம். மீன் தீனியாக உயிரோடு விற்ற டியூபிஃபெக்ஸ் புழுவையும் நிறுத்திவிட்டோம். சாக்கடைச் சேற்றில் வளரும் புழுவை எவ்வளவு அலசினாலும் எங்களுக்கு நிம்மதி வரவில்லை.

மழையோடு கரண்ட் கட்டும் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல வீடுகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது நினைவிருக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கரண்ட் இல்லாதபோது தீனி போடாதீர்கள். பல மணி நேரம் நின்றுபோன மூடிய ஃபில்டரை அப்படியே ஓடவிட்டால் உள்ளே அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் வந்துவிடும். கொட்டி, அலசிவிட்டு ஓடவிடுங்கள்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கையை விடாதீர்கள், அல்லது உறை போட்டுக்கொள்ளுங்கள். மீனிடமிருந்து காயம் வழியே மனிதருக்கு வரும் மைக்கோபாக்டீரியம் என்ற கிருமி உண்டு. கையில் ஆறாத கட்டி வந்தால் மருத்துவரிடம் வீட்டில் மீன் தொட்டி இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

கடைக்கு வரும்போது சுத்தமான அரை லிட்டர் பாட்டிலில், சோப்புப் படாததாகப் பார்த்து, தொட்டியின் நடுவிலிருந்து தண்ணீர் எடுத்து வாருங்கள். அன்றைக்கே எடுத்ததாக இருக்கட்டும். படத்தைவிட அரை நிமிட வீடியோ எங்களுக்கு உதவும், ஏனென்றால் மீன் எப்படி மூச்சு விடுகிறது என்பது அதில் தெரியும். தொட்டி வைத்து எத்தனை நாள், கடைசியாகத் தண்ணீர் எப்போது மாற்றினீர்கள், எந்தத் தண்ணீர், என்ன மீன் புதிதாக வந்தது, ஏற்கெனவே எதையாவது ஊற்றினீர்களா என்று கேட்போம். ஊற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டமாட்டோம். சோதனைக்குக் காசு கிடையாது. நோயுற்ற மீனைக் கவரில் போட்டு வெயிலில் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், அந்தப் பயணமே அதைக் கொன்றுவிடும். இரவில் அவசரமென்றால் எங்களுக்காகக் காத்திருக்காமல் குளோரின் நீக்கிய, அதே வெப்பத்தில் உள்ள தண்ணீரால் கால்பங்கு மாற்றி, ஏர் மோட்டாரை முழுவேகத்தில் வைத்து, தீனியை நிறுத்திவிடுங்கள். காலையில் பாட்டிலோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வண்ணமீன் கடையினர்,
கொளத்தூர், சென்னை