கான்ட்டா, பெந்தாமா, வெட்கமா?

மதுரை,
கார்த்திகை மாதம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நீ ஆறு பக்கம் எழுதியிருக்கும்போது நான் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டி அனுப்பினால் நன்றாக இருக்காது என்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு இரண்டாவதும் பெண் பிறந்திருக்கிறது. பேர் வைப்பதில் இரண்டு வீட்டுக்கும் பஞ்சாயத்து ஓடுகிறது, நான் தலையிடவில்லை. மழை பரவாயில்லை. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ரிட்டயர் ஆனபின் மகளுடைய தத்துவப் பாடப்புத்தகங்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்தவன், இப்போது எங்களையெல்லாம் பிடித்து வகை பிரிக்கக் கிளம்பிவிட்டாய். யாருக்கு எவ்வளவு நன்மை என்று பார்த்து முடிவெடுப்பவன் பெந்தாம், மில் கட்சி. என்ன ஆனாலும் விதியை மீறாதவன் கான்ட் கட்சி. குணம் நன்றாக இருந்தால் செயல் தானாக நன்றாக வரும் என்பவன் அரிஸ்டாட்டில் கட்சி. நீ பெந்தாம் கட்சியில் கையெழுத்தே போட்டுவிட்டாய். என்னைப் பற்றி, ‘நீ பச்சைக் கான்ட்டுடா’ என்று எழுதியிருக்கிறாய். ஒத்தக்கடை மனையை விற்ற கதையை வைத்துத்தானே? என் தம்பி சொல்லிக் கேட்டிருப்பாய். என் வாயாலும் ஒருமுறை கேட்டுக்கொள்.

அதற்கு முன்னால் நீ அனுப்பிய டிராம் வண்டிக் கணக்கு. பிரேக் பிடிக்காமல் ஓடிவருகிற டிராம், தண்டவாளத்தில் ஐந்து பேர், பக்கத்துத் தடத்தில் ஒருவன், வண்டியைத் திருப்புவாயா? தத்துவக்காரர் பிலிப்பா ஃபுட் 1967ல் இதைக் கருக்கலைப்பு பற்றிய ஒரு கட்டுரையில் போகிற போக்கில்தான் வைத்தார். வண்டியை நிறுத்துவதற்காகப் பாலத்தில் நிற்கிற தடியனை அதன் முன்னால் தள்ளிவிடுகிற சங்கதியெல்லாம் பின்னால் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் சேர்த்தது. நான் வண்டியைத் திருப்புவேன், தடியனைத் தள்ள மாட்டேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொல்கிறார்களாம். ஆனால் மாப்ள, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சொல்கிற பதிலில் என்ன தெரிந்துவிடப் போகிறது? நம் வாசலுக்கு டிராம் வருவதில்லை. ‘ஜாமீன் கையெழுத்துப் போடுறியா’, ‘இதை அம்மாகிட்ட சொல்லலாமா வேண்டாமா’, ‘மிச்சத்தைக் கேஷா வாங்கிக்கிறீங்களா சார்’ என்றுதான் சோதனை வருகிறது. அப்போது யோசிக்காமல் என்ன செய்தோமோ, என்ன செய்ய நமக்குக் கை வரவில்லையோ, அதில்தான் நம்முடைய தத்துவம் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

மனை அப்பா வாங்கிப் போட்டது, எனக்கும் தம்பிக்கும் கூட்டு. அந்தப் பக்கம் மார்க்கெட் விலைக்கும் பத்திரப் பதிவுக்கு அரசாங்கம் குறித்திருக்கிற வழிகாட்டி மதிப்புக்கும் (கைடுலைன் வேல்யூ) மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். புரோக்கர் கூட்டிவந்த முதல் பார்ட்டி நல்ல விலை சொன்னார். ‘பத்திரத்தில் கைடுலைன் வேல்யூ போட்டுக்குவோம், மிச்சத்தைப் பதிவன்னைக்குக் கையில கொடுத்துடுறேன்’ என்றார். அவர் பக்கம் நியாயம் சுலபம்: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மறைக்கிற தொகைக்கு 9 சதவீதம் மிச்சம். எங்களுக்கும் மூலதன ஆதாய வரி குறையும். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015லிருந்து சொல்கிறது, மீறினால் வாங்கிய தொகை முழுவதற்கும் அபராதம். அதைச் சொன்னேன். புரோக்கர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ‘சார், இந்த ஏரியாவுல யாரு சார் ஒயிட்ல விக்கிறா?’

தம்பி பேசியதுதான் பேச்சு. பெந்தாமே நேரில் வந்திருந்தாலும் அப்படி வாதாடியிருக்க மாட்டார். ‘அண்ணே, இந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போனா யாருக்கு என்ன கிடைக்கும்னு உனக்குத் தெரியாது. நம்மகிட்ட இருந்தா அக்கா மகளுக்கு ஆபரேஷனுக்கு ஆகும்னு எனக்குத் தெரியும். எது பெரிய நன்மை, சொல்லு.’ எனக்குப் பதில் வரவில்லை. கான்ட்டைக் கூப்பிடலாம் என்றால் அவரும் உதவவில்லை. எல்லோரும் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார் என்கிறார். எல்லோரும் இப்படித்தானே செய்துகொண்டிருக்கிறார்கள்? ஒன்றும் ஆகவில்லை, மனை விலைதான் ஏறியிருக்கிறது.

அப்படியிருந்தும் நான் மாட்டேன் என்றேன். ஏன்? உண்மையைச் சொல்கிறேன், சட்டத்தை வாயால் சொன்னேனே தவிர அதற்காக இல்லை, நாட்டின் வரி வருமானத்தை நினைத்தும் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே, ஜெராக்ஸ் கடை ஓரம் நிறுத்தின காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு நான் ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளை எச்சில் தொட்டு எண்ணுகிறேன். டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறான். இந்தக் காட்சி மனசில் வந்தது. அவ்வளவுதான். அந்த ஆளாக இருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்புறம் வங்கிக் கடனில் வாங்குகிற ஒரு கணவன் மனைவிக்குக் கொடுத்தோம். அவர்களுக்குப் பத்திர மதிப்பு கூடுதலாக இருந்தால்தான் கடன் கூடுதலாகக் கிடைக்கும், அதனால் முழு ஒயிட். விலை குறைவு. என் பிடிவாதத்துக்கு அவன் ஏன் நஷ்டப்பட வேண்டும் என்று, தம்பி பங்கில் குறைந்ததை என் பங்கிலிருந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். அதுவும் நியாயம்தான்.

இதுவரை கேட்டால் நீ சொன்ன மாதிரி கான்ட் கட்சி என்றுதான் தோன்றும். இப்போது இன்னொன்றைக் கேள். அம்மாவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது, டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவிடம் ‘வயித்துல புண்ணு’ என்றோம். ஒரு ராத்திரி கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கையால் தள்ளிவிட்டு, ‘ஏப்பா, நெசமாவே புண்ணுதானா?’ என்று கேட்டாள். ‘ஆமாம்மா, ஆறிடும்’ என்றேன். குரல்கூடத் தடுமாறவில்லை. கொலைகாரன் வாசலில் வந்து நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797ல் கட்டுரை எழுதியவர் கான்ட். என்னைக் கட்சியிலிருந்து தள்ளிவைத்திருப்பார்.

இந்த இடத்தில் வள்ளுவர் பெரிய ஆள். குற்றமில்லாத நன்மையைத் தருமென்றால் பொய்யும் வாய்மையோடு சேர்த்தி என்று 292ல் சொல்லிவிட்டு, அடுத்த குறளிலேயே ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க, பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்கிறார். முதலாவது மில் பேசுகிற மாதிரி இருக்கிறது, இரண்டாவது வேறு ஆள் பேசுகிற மாதிரி இருக்கிறது. நான் இரண்டாவதை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சொன்ன பொய் என்னைச் சுடவில்லை, இன்றைக்கும் சுடவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் அதைச் சொல்வேன், இதோ உனக்கு எழுதுகிறேனே. பத்திரத்தில் பாதி விலையைப் போட்டிருந்தால் அதை உனக்கு இப்படி எழுதியிருப்பேனா?

ஆக மாப்ள, என்னை நடத்துவது விதியும் இல்லை, விளைவும் இல்லை. வெட்கம். இதைக் கண்டுபிடித்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பெரிய பேர் ஏதாவது கிடைக்கும் என்று பார்த்தேன். உங்கள் அரிஸ்டாட்டில் இதை ஒரு நற்குணமாகவே சேர்க்கவில்லை. வெட்கம் இளைஞர்களுக்கு அழகு, வயதானவன் வெட்கப்படுகிறான் என்று யாரும் புகழ மாட்டார்கள், வெட்கப்படும்படியான காரியம் அவன் பக்கமே வரக் கூடாது என்கிறார். பென்ஷன் வாங்குகிறவனுக்கு இது தேவையா!

ஆனால் நம் ஆட்கள் அப்படி ஒதுக்கவில்லை. குறளில் நாணுடைமைக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் மார்பில் பாய்ந்து முதுகு வரை போய்விட்டது சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு. புறமுதுகு காட்டி வாங்கிய புண் இல்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முதுகில் புண் என்று நாணி வடக்கிருந்து, அதாவது வடக்குப் பார்த்து உட்கார்ந்து பட்டினி கிடந்து, செத்தான். புலவர் வெண்ணிக் குயத்தியார் ஜெயித்த கரிகாலனைப் பார்த்தே, ‘நின்னினும் நல்லன் அன்றே’, உன்னைவிட அவன் நல்லவன் இல்லையா என்று கேட்கிறார். பெந்தாம் கணக்குப்படி அது வீண் சாவு. எனக்கும் அவ்வளவு தூரம் போக மனசில்லை. இருந்தாலும் அந்தப் பாட்டை வாசிக்கும்போதெல்லாம் குயத்தியார் பக்கம்தான் நிற்கிறேன்.

நீ சும்மா விடுவாயா? ‘வெட்கம்னா ஊர் என்ன சொல்லும்ங்கிறதுதானேடா, அதை வச்சுத்தானே வேற சாதியில கட்டிக்கிட்ட பொண்ணை அப்பனே கொல்றான்’ என்று கேட்பாய். நியாயமான கேள்வி. இதை நினைத்து நான் நாலு ராத்திரி புரண்டிருக்கிறேன். அவனைக் கேட்டாலும் மானம் போச்சு, தலை நிமிர்ந்து நடக்க முடியலை என்றுதான் சொல்வான். அதே வெட்கம், அதே கூச்சம். அப்படியானால் என்னுடையது மட்டும் எப்படி உசத்தி?

எனக்குக் கிடைத்த பதில் பாதிதான். 656ஆம் குறளைப் பார்: ‘ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை.’ பெற்ற தாய் பட்டினி கிடந்தாலும் செய்யாதே என்கிறார், ஊர் பழிக்கும் வினை என்று சொல்லவில்லை, சான்றோர் பழிக்கும் வினை என்கிறார். (பரிமேலழகருக்கே இது தாங்கவில்லை. வயதான பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசித்திருந்தால் தீயது செய்தாவது காப்பாற்று என்கிற பொதுவிதியை நினைவுபடுத்தி, இந்தக் குறள் அமைச்சர்களுக்குச் சொன்னது என்று ஒதுக்குகிறார். கெட்டிக்கார உரைகாரர்.) வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடிய புலவர் முடமோசியாரும் இதே இடத்துக்கு வருகிறார். இந்தப் பிறவியில் கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற ‘அறவிலை வணிகன்’ இல்லை ஆய், சான்றோர் போன வழி இது என்றுதான் கொடுத்தான் என்கிறார். ஆக, யார் முகத்துக்கு முன்னால் வெட்கப்படுகிறேன் என்பதுதான் விஷயம். மகளைக் கொல்கிறவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற முகங்களுக்கு வெட்கப்படுகிறான். கொலையான பெண்ணின் முகத்துக்கு வெட்கப்படவில்லை.

அந்த முகங்களை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டால் மாட்டிக்கொள்வேன். அதனால்தான் பாதிப் பதில் என்றேன்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, இதில் உன் கட்சிக்கு முழு மார்க் கொடுக்கிறேன். வெட்கம் கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான் வேலை செய்கிறது. 1971ல் கிழக்கு வங்கத்திலிருந்து 90 லட்சம் பேர் அகதிகளாகத் தவித்தபோது பீட்டர் சிங்கர் எழுதிய கட்டுரையைப் பற்றி நீயே எழுதியிருந்தாய். குளத்தில் மூழ்குகிற குழந்தையை, சட்டை சகதியானாலும் பரவாயில்லை என்று தூக்குகிறோமே, தூரத்தில் சாகிற குழந்தைக்கு மட்டும் ஏன் பணம் அனுப்புவதில்லை என்று கேட்டவர். நான் அனுப்பாததற்காக ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை, யாரும் என்னை வெட்கப்படுத்தியதும் இல்லை. இங்கே கணக்குப் போடுகிறவன்தான் வேண்டும். கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே இது உறுத்துகிறது, பார்ப்போம்.

கடைசியாக உன்னைப் பற்றி. நீ பெந்தாம் கட்சி என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வேலையில், பரீட்சை ஹாலில், பள்ளி நிர்வாகத்தின் சொந்தக்காரப் பையன் தொடைக்கடியில் பிட் வைத்திருந்ததைப் பிடித்து வெளியே அனுப்பினாயே. அந்த மாதமே உன்னையும் அனுப்பினார்கள். ஒரு பையன் ஒரு பேப்பரில் பாஸானால் உலகத்துக்கு என்ன நஷ்டம்? உன் வீட்டில் அப்போது உன் சம்பளம்தான் சம்பளம். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நாம் பரோட்டா தின்னும்போது சொன்னாய்: ‘பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி நடந்துபோகத் தெரியலடா.’ இதில் எங்கே இருக்கிறது கூட்டல் கழித்தல்? காரில் பணம் எண்ணுகிற காட்சி எனக்கு வந்தபோது எதிரே வந்த முகங்களில் உன்னுடையதும் ஒன்று. உடனே நெஞ்சை நிமிர்த்தாதே, உன் சம்சாரத்தின் முகம் உன் முகத்துக்கு முந்தியே வந்துவிட்டது.

தையில் நம் கெமிஸ்ட்ரிக்காரன் வீட்டுக் கல்யாணம். பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போட்டுவிடு, பொங்கல் நெருக்கத்தில் கிடைக்காது. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வருகிறபோது அந்தப் பையன் விஷயத்தில் என்ன கணக்குப் போட்டாய் என்று யோசித்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்