பஜனை மடம் திருப்பணி நிறைவு: அங்கத்தினர்களுக்குக் கமிட்டியின் கணக்கு

அங்கத்தினர் அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் நம் தெரு பஜனை மடத்தின் திருப்பணி சென்ற மாதம் முடிந்தது. 6,40,000 ரூபாயில் முடியும் என்று பொதுக்குழுவில் சொல்லியிருந்தோம். ஆனது 8,15,000. கூடுதல் 1,75,000 எங்கே போனது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

மடத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. கடற்கரை மண்ணில் நிற்கும் சுவர், கீழிருந்து உப்பு ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும். சிமென்ட் பூசினால் வழி அடைபட்டு, உப்பு செங்கல்லைத் தின்ன ஆரம்பிக்கும். அதனால்தான் சுண்ணாம்பு மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். அப்படியும், தங்கை மகள் கல்யாணத்துக்காக நான் ஊருக்குப் போயிருந்த நான்கு நாளில், காண்டிராக்டர் தெருப் பக்கச் சுவர் முழுக்கச் சிமென்ட் பூசிவிட்டார். கேட்டதற்கு, "சிமென்ட்தான் சார் ஸ்ட்ராங்கு" என்றார். ஐப்பசி மழை முடிந்து சுவரை விரல் முட்டியால் தட்டினேன். டொக் டொக்கென்று வெறும் சத்தம். ஒரு சில்லைப் பெயர்த்தால், பின்னால் செங்கல் வெள்ளையாக உப்பு பூத்து, நகம் பட்ட இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. அந்த மாவைப் பொருளாளர் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கொத்தி எடுக்கச் சொன்னோம், மறுத்தார். இரண்டாம் தவணையை நிறுத்தினோம். அவர் சாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். 11 நாள் வேலை நின்றது. கமிட்டிக்கும் அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ இருக்கிறது என்று அந்த நாட்களில்தான் பேச்சு கிளம்பியது. 72 வயதில் காலை மாலை இரு வேளையும் அந்தச் சுவர் முன்னால் போய் நின்றவனுக்கு அது பொறுக்கவில்லை. கடைசியில் கொத்தும் கூலி பாதி அவருக்கு, பாதி நமக்கு என்று பேசி முடித்தோம். கோர்ட்டுக்குப் போயிருந்தால் சுவர் இன்னும் எத்தனை மழை நனைந்திருக்குமோ. நம் பாதி 38,000. மீதி 1,37,000, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களை வெளியூரிலிருந்து வரவழைத்துத் தங்கவைத்து மறுபடி பூசியதற்கு.

இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டி, முன்னால் இரண்டு கடை விட்டிருந்தால் வாடகை வருமே என்றும் கேட்டார்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷனை இடிக்கவில்லை, 2005-ல் புதுப்பித்தார்கள். அது பெரிய கட்டிடம், இது சின்ன மடம்தானே என்றால், சரி, சின்னதுதான். ஆனால் நம் வரிசையில் மூன்று வீட்டுத் திண்ணை ஏற்கெனவே ஷட்டராகிவிட்டது. மடமும் போயிருந்தால் மரத்தூணும் திண்ணையுமாக ஒரே கோட்டில் நின்ற வரிசை அதோடு தீர்ந்தது.

கூரை பழையபடியே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, பெண்கள் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்துக்கொண்டே நகர்ந்தார்கள். ஆறு நாள் தெருவெல்லாம் அந்தச் சத்தமும் வெல்ல வாசனையும்தான். அப்புறம் தட்டோடு பதித்தோம். கார்த்திகை மழையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மின்சாரம், கழிவறை, கதவுக்கு வார்னிஷ் எல்லாம் முடிந்தது.

கொடுத்தவர்களை மறக்க முடியாது. பாத்திரக் கடை அண்ணன், வலைக் கடைக்காரர், மாவு மில் குடும்பம், கோடி வீட்டு டீச்சரம்மா, ஐஸ் வண்டித் தம்பிகள், தையல் கடை பாய், எதிர் வீட்டு ஆட்டோக்காரர். வாராவாரம் நூறு ரூபாய் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த மீன்கார ஆயா. தன் வீட்டை இடித்தபோது வந்த பர்மா தேக்கு உத்திரம் இரண்டை, விலை பேசிய மரக்கடைக்குக் கொடுக்காமல் மடத்துக்கே கொடுத்த முனை வீட்டு அம்மா. இப்போது கூரையின் நடுவில் இருப்பவை அவைதான்.

ஒன்று பாக்கி. மடத்துக்கு நான்கு படி. மேலே மேலே ரோடு போட்டதில் இரண்டு படி புதைந்து கிடக்கிறது. அடுத்த முறை சுரண்டிவிட்டுப் போட மனு எழுதியிருக்கிறோம், கையெழுத்துப் போடாதவர்கள் வந்து போடவும்.

கையிருப்பு 4,310 ரூபாய். தை பிறப்பதற்குள் வெள்ளையடிக்க இது போதும். நோட்டும் ரசீதும் மடத்து அலமாரியில், சாவி பொருளாளரிடம்.

செயலாளர்